பிரிட்டனின் சிறு மல்யுத்த மேடைகள்: பாக்கி வைக்கும் புரமோட்டரும் உடைமாற்றும் அறைப் பகைகளும்

கேள்வி: டார்பி வாசகன்

வணக்கம். என் தம்பிக்கு வயது 19. மிட்லாண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு மல்யுத்தப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, இப்போது தொழிலாளர் மன்றங்களிலும் சமூக மண்டபங்களிலும் நடக்கும் காட்சிகளில் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கிவருகிறான். அந்தப் பள்ளியை நடத்துபவரே காட்சிகளையும் நடத்துகிறார். பேசிய தொகை பெரிதன்று. ஆனால் அதுவும் கைக்கு வருவதில்லை. ஒவ்வொரு முறையும் “அடுத்த காட்சியில் சேர்த்துத் தருகிறேன்” என்ற பதிலோடு பெட்ரோல் செலவையும் தானே ஏற்றுக்கொண்டு வீடு திரும்புகிறான். பாக்கி இப்போது சில நூறு பவுண்டுகளைத் தொட்டுவிட்டது.

இதற்கிடையில் பக்கத்து நகரில் காட்சி நடத்தும் வேறொருவர் அவனை அழைத்திருக்கிறார். செய்தி எப்படியோ முதலாமவர் காதுக்குப் போய், “அங்கே ஏறினால் இங்கே உனக்கு இடம் கிடையாது” என்று குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரமே, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவன் வர இயலாத ஒரு நாளில் நடக்கவிருக்கும் காட்சிக்கான சுவரொட்டியில் அவன் படத்தைப் போட்டுவிட்டார். மூத்த வீரர்களிடம் கேட்டால், “எல்லாரும் இப்படித்தான் வந்தோம், பொறுத்துக்கொள்” என்கிறார்கள்.

குத்துச்சண்டைக்கு 1929 முதல் ஒரு கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மல்யுத்தக் காட்சிகளுக்கு அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. இது இந்த ஒரு மனிதரின் குணமா, அல்லது இந்தத் துறையே இப்படித்தானா? சில நூறு பேர் வந்து பார்க்கும் காட்சிகளுக்காக இவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் இவ்வளவு வெறுக்கிறார்கள்? பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: பழைய சனிக்கிழமை

தங்கள் தம்பிக்கு வந்த மிரட்டலில் புதியது என்று சொன்னால் அது கைப்பேசியில் வந்தது ஒன்றுதான். அந்த விதி 1952ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் நிறுவன வடிவம் பெற்றுவிட்டது. லண்டனின் டேல் மார்ட்டின், மான்செஸ்டரின் ரைட்டன், யார்க்‌ஷயரின் நார்மன் மோரல் உள்ளிட்ட ஏற்பாட்டாளர்கள் கூடி, ஜாயின்ட் புரமோஷன்ஸ் என்ற கூட்டமைப்பை அவ்வாண்டில் ஏற்படுத்தினார்கள். நாட்டை வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் காலடி வைப்பதில்லை என்று உடன்பட்டு, வீரர்களைத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டார்கள். வெளியே இருந்த ஏற்பாட்டாளரின் மேடையில் ஏறிய வீரனுக்கு இவர்களுடைய கதவுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அடைபட்டன. 1955இல் ஐடிவி தொலைக்காட்சி மல்யுத்தத்தை ஒளிபரப்பத் தொடங்கி, அந்த ஒளிபரப்பு இவர்கள் கையிலேயே சிக்கிய பிறகு, தொலைக்காட்சியில் முகம் தெரியாதவனுக்கு ஊர் மண்டபங்களிலும் மதிப்பில்லை என்ற நிலை உருவாயிற்று.

ஆனாலும் சுயேச்சைகள் ஓய்ந்துவிடவில்லை. லண்டன் சோஹோவில் டூ ஐஸ் காபிக் கடையை நடத்திய பால் லிங்கன், முகமூடி அணிந்து ‘டாக்டர் டெத்’ என்ற பெயரில் தானே சண்டையிட்டுக்கொண்டு, சொந்தமாகக் காட்சிகளும் நடத்திக் கூட்டமைப்புக்கு ஒரு தலைவலியாகவே விளங்கினார். 1960களில் அவரையும் அவர்கள் தம்முடன் இணைத்துக்கொண்டார்கள். எதிரியை அடக்க முடியாதபோது பங்காளியாக்கிக்கொள்வது இந்தத் தொழிலின் இன்னொரு பழைய வழக்கம்.

தனிப்பட்ட பகை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஷெர்லி கிராப்ட்ரீயின் வாழ்க்கையே சான்று. பின்னாளில் ‘பிக் டாடி’ என்று நாடே கொண்டாடிய அந்த மனிதர், 1960களின் தொடக்கத்தில் சுயேச்சை மேடைகளில் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் சாம்பியன் என்று அறிமுகப்படுத்தப்பட்டார். முன்னாள் சாம்பியனான பெர்ட் அசிராட்டிக்கு அது பொறுக்கவில்லை. அசிராட்டி விடாமல் கொடுத்த தொல்லை தாங்காமல் கிராப்ட்ரீ 1966இல் தொழிலையே விட்டு விலகி, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் மேடைப் பக்கம் திரும்பாமல் இருந்தார். வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படும் ஒரு தொழிலில், உண்மையாகவே அடிக்கத் தெரிந்த ஒருவர் எதிரே வந்து நின்றால் என்ன ஆகும் என்ற அச்சம் எப்போதும் இருந்தது; அதைப் பலரும் ஆயுதமாகவே பயன்படுத்தினார்கள்.

அவர் திரும்பி வந்தது எப்படி என்பதுதான் தங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 1970களின் நடுவில் ஜாயின்ட் புரமோஷன்ஸின் ஆட்டங்களை அமைக்கும் பொறுப்பு அவருடைய சகோதரர் மேக்ஸ் கிராப்ட்ரீயிடம் வந்தது. யார் வெல்வது, யார் தொலைக்காட்சியில் வருவது என்று தீர்மானிப்பவர் அண்ணனோ தம்பியோ ஆனால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. நாற்பதைக் கடந்த ஷெர்லி முதன்மை நாயகனானார். 1981 ஜூனில் வெம்ப்ளி அரினாவில் ஜயன்ட் ஹேஸ்டாக்ஸ் என்ற வீரருடன் அவர் மோதிய பெரும் ஆட்டம் மூன்று நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை. நல்ல தொழில் தெரிந்த மார்க் ரோக்கோ, ஃபிட் ஃபின்லே, டோனி செயின்ட் கிளேர் போன்றவர்கள் சலித்துப்போய், மெர்சிசைடிலிருந்து ஆல் ஸ்டார் அமைப்பை நடத்திய பிரையன் டிக்சனிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு காலத்தில் மல்யுத்த வீரர் ஜிம் பிரேக்ஸின் ரசிகர் மன்றத்தை நடத்திய இளைஞர்தான் இந்த டிக்சன். அதே காலத்தில், முகமூடி வீரர் கென்டோ நாகசாகியின் புகழைப் பார்த்து, கிட்டத்தட்ட அதே முகமூடியில் ‘கிங் கென்டோ’ என்ற ஒருவரையும் மேடை ஏற்றினார்கள். போலிச் சரக்கு விற்பது இன்றைய சிறு ஏற்பாட்டாளர்கள் கண்டுபிடித்த தந்திரம் அன்று.

1987 முதல் ஐடிவி மல்யுத்த ஒளிபரப்பு நேரத்தை ஜாயின்ட், ஆல் ஸ்டார், அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என மூவருக்குப் பகிர்ந்தளித்து, 1988 டிசம்பரில் ஒரேயடியாக நிறுத்திவிட்டது. அதன் பிறகு விடுமுறை முகாம்களையும் நகராட்சி மண்டபங்களையும் நம்பிப் பிழைத்த காலத்தில்தான், சுவரொட்டியில் அமெரிக்க நட்சத்திரத்தின் உருவம் பெரிதாகவும், ‘அவரைப் போல நடிப்பவர்’ என்ற செய்தி உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்திலும் அச்சாயின. குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்த பெற்றோர் ஏமாந்து திரும்பியதால், அதே ஊரில் அடுத்து வந்த நேர்மையான ஏற்பாட்டாளருக்கும் கூட்டம் சேரவில்லை.

ஏன் இவ்வளவு வெறுப்பு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: நாட்டில் நல்ல மண்டபங்களும் சனிக்கிழமைகளும் அளவாகவே உள்ளன, முகம் தெரிந்த வீரர்கள் அதைவிடக் குறைவு. ஒருவர் காட்சிக்கு ஒரு வாரம் முன்னதாக அதே ஊரில் மலிவான டிக்கெட்டோடு இன்னொருவர் காட்சி வைத்துவிட்டால் முன்னவருக்கு நட்டம் உறுதி. அந்த நட்டத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வதை நாம் பகை என்கிறோம்.

பதில்: ரிங் வண்டி

நான் வடக்கே சில அமைப்புகளுக்கு ரிங் ஏற்றி இறக்கி, சட்டை விற்கும் மேசையிலும் உட்கார்ந்தவன். மேலே சொன்னவர் வரலாற்றைச் சொல்லிவிட்டார். கீழ்மட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

காட்சி தொடங்குவதற்கு முன் திரைச்சீலையின் ஓரத்தை விரலால் விலக்கி, அனுபவசாலிகள் கூட்டத்தைப் பார்ப்பார்கள். ரசிகர்களை ரசிக்க அன்று, தலைகளை எண்ணுவதற்காக. வரிசைக்கு எத்தனை நாற்காலி, எத்தனை வரிசை நிரம்பியிருக்கிறது, அவற்றுள் இலவசச் சீட்டில் வந்த பயிற்சி மாணவர்களின் குடும்பங்கள் எத்தனை என்று அவர்கள் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள், இன்று உறையில் பணம் இருக்குமா, அல்லது வாக்குறுதி இருக்குமா என்பது தெரிந்துவிடும். காட்சி முடிந்ததும் புரமோட்டர் சமையலறையிலோ வண்டிக்குள்ளோ உட்கார்ந்து உறைகளைக் கொடுப்பார். தொலைவிலிருந்து அழைத்து வரப்பட்ட பெயர் பெற்றவருக்கு முதல் உறை, ஏனெனில் அவர் பணம் வாங்காமல் மேடையே ஏறமாட்டார். பள்ளி மாணவர்கள் கடைசி வரிசை. அவர்கள் முறை வரும்போது “இன்று வசூல் சரியில்லை” என்ற சொல்தான் மிஞ்சியிருக்கும். வீரர்களிடம் குறைவான தொகைக்குப் பேரம் பேசுவது எனக்கு ஒருபோதும் தவறாகத் தோன்றியதில்லை. பேசியதைக் கொடுக்காமல் இருப்பதும், கொடுக்காததைப் பயிற்சி என்று பெயர் சூட்டுவதும்தான் அயோக்கியத்தனம்.

தம்பியின் அமைப்பில் பயிற்சியாளரும் ஏற்பாட்டாளரும் ஒருவரே என்பதைக் கவனியுங்கள். மாதக் கட்டணத்தை அவன் கொடுக்கிறான். ரிங் ஏற்றுவதற்கும், நாற்காலி போடுவதற்கும், டிக்கெட் விற்பதற்கும் உழைக்கிறான். ஆட்டத்தில் விழுந்து எழுகிறான். இவ்வளவுக்கும் பிறகு கடன்காரன் போலக் கூச்சப்படுபவனும் அவனே. அவனைவிட மேலான இடத்தில் இருக்கும் வீரர்களுக்கும் அவனுக்குமான பகை பெரும்பாலும் இந்த ஏற்பாட்டின் விளைவாகவே முளைக்கிறது. ஆட்டங்களை அமைப்பவர் தானே சாம்பியனாகவும் இருந்தால், அவருக்கு நெருக்கமானவர்கள் வெல்வார்கள். மற்றவர்கள் உடைமாற்றும் அறையின் மூலையில் முணுமுணுப்பார்கள்.

வெளியாருக்குக் கண்ணில் படாத ஓர் அடையாளம் சொல்கிறேன். இடைவேளையில் சட்டை, படம் விற்கும் மேசைகளைப் பாருங்கள். பார்வையாளர் கழிப்பறைக்கும் மதுக்கூடத்துக்கும் போகும் வழியில் மேசை கிடைத்தவன் புரமோட்டருக்கு வேண்டியவன். மூலையில், அவசர வழிக் கதவருகே மேசை போடப்பட்டவன் அண்மையில் எதையோ கேட்டிருக்கிறான். சிறு அமைப்புகளில் ஆட்டக் கூலியைவிடச் சட்டை விற்பனையே கூடுதலாகக் கொடுப்பதால், அந்த மேசையின் இடமே ஒரு தண்டனை.

சுவரொட்டி விவகாரத்துக்கு வருகிறேன். வராதவரின் படத்தைப் போட்டு டிக்கெட் விற்றுவிட்டு, ‘ஆட்டங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை’ என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அன்றாட நிகழ்ச்சி. தம்பி உடனே தன் சொந்தப் பக்கத்தில், யாரையும் திட்டாமல், அந்த நாளில் தான் அங்கே இல்லை என்று மட்டும் எழுதட்டும். ரசிகர்கள் வராதவன் மீதுதான் கோபப்படுவார்கள், படம் போட்டவர் மீது அன்று.

மறுமொழி: டார்பி வாசகன்

இருவருக்கும் நன்றி. மேசை விஷயத்தைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். பதில் சொல்லாமல் சிரித்தான். இரண்டு ஐயங்கள். அந்த அமைப்பின் பக்கத்தில் இப்போது புதிய பெயர் வந்திருக்கிறது. பழைய பெயரில் உள்ள பாக்கியை யாரிடம் கேட்பது? மற்றொன்று, பள்ளியில் 16, 17 வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் நிலை என்ன?

பதில்: பேரேடு

நான் கணக்காளன், மல்யுத்தம் எனக்குப் பொழுதுபோக்கு. சொல்பவை இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்குப் பொருந்துபவை. ஸ்காட்லாந்தின் நடைமுறை வேறு.

முதலில் கடன்பட்டவர் யார் என்று கண்டுபிடியுங்கள். முகநூலில் உள்ள பெயர் வெறும் விளம்பரப் பெயர். அதன் பின்னால் ஒரு தனிமனிதர் இருக்கலாம், அல்லது ஒரு லிமிடெட் நிறுவனம் இருக்கலாம். அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் பதிவேட்டில் இயக்குநரின் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். அவர் இதற்கு முன் நடத்தி மூடிய நிறுவனங்களின் வரிசையும் அங்கேயே கிடைக்கும். கணக்கு தாக்கல் செய்யாமல் விட்டு, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், தாங்கள் எப்படிப்பட்டவருடன் மோதுகிறீர்கள் என்பது விளங்கிவிடும்.

பெயர் மாற்றத்தின் நோக்கமும் இங்கேதான் இருக்கிறது. முறைப்படி கடன் தீர்க்க இயலாமல் கலைக்கப்பட்ட நிறுவனத்தின் பெயரையோ அதை ஒத்த பெயரையோ அதன் இயக்குநர் ஐந்து ஆண்டுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1986ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் 216ஆம் பிரிவு, சில விதிவிலக்குகளுடன், தடுக்கிறது. எனவே கெட்டிக்காரர்கள் திவால் வழிக்கே போவதில்லை. நிறுவனத்தைப் பதிவேட்டிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிட்டு வேறொன்றைத் தொடங்குகிறார்கள். அப்படித் தாமாக நீக்க விண்ணப்பிப்பவர், ஏழு நாட்களுக்குள் அதன் நகலைக் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். யாரும் அனுப்புவதில்லை, ஆனால் அரசிதழில் அறிவிப்பு வந்த பின் இரண்டு மாதம் இருக்கும். அதற்குள் தம்பி, தனக்கு வரவேண்டிய தொகைக்கான சான்றை இணைத்துக் கம்பெனீஸ் ஹவுஸிடம் ஆட்சேபம் தெரிவித்தால் நீக்கத்தை நிறுத்திவைக்க முடியும். நிறுவனத்தின் பக்கத்தில் ‘பின்தொடர்’ என்று ஒரு வசதி உண்டு. அதை இன்றே அழுத்தி வைத்தால் மின்னஞ்சலில் எச்சரிக்கை வரும். நீக்கி முடிந்துவிட்டால், இல்லாத நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க இயலாது. நீதிமன்றம் வழியாக அதை உயிர்ப்பிக்கலாம், ஆனால் சில நூறு பவுண்டுக்கு அது கட்டுப்படியாகாது. அப்போதும் அந்த இயக்குநரைப் பற்றித் திவால் சேவைத் துறைக்குப் புகார் அனுப்பலாம். 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நீக்கப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர்களையும் விசாரிக்கும் அதிகாரத்தை அத்துறைக்குக் கொடுத்திருக்கிறது. பணம் வராது, ஆனால் ஆள் இயக்குநராக இருக்கும் உரிமையை இழக்கலாம்.

தொகையைக் கேட்கும் முறை எளிது. நாள், மண்டபம், பேசிய தொகை ஆகியவற்றை வரிசையாக எழுதி, பதினான்கு நாள் கெடு கொடுத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். ஒப்பந்தத் தாள் இல்லையே என்று அஞ்ச வேண்டாம். “சனிக்கிழமை வா, இவ்வளவு தருகிறேன்” என்ற குறுஞ்செய்தியும், காட்சியின் காணொளியும் போதுமான சான்று. அவற்றை இப்போதே படம் எடுத்து வேறிடத்தில் சேமித்து வையுங்கள், ஏனெனில் தடை செய்யப்பட்டவரால் பழைய உரையாடலைத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். தம்பி சுயதொழில் செய்பவனாகக் கணக்கிடப்பட்டால், 1998ஆம் ஆண்டின் தாமதக் கட்டணச் சட்டப்படி இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதமும், ஆயிரம் பவுண்டுக்குக் குறைந்த ஒவ்வொரு கடனுக்கும் 40 பவுண்டு இழப்பீடும் கோர முடியும். அதற்கும் அசையாவிட்டால் 10,000 பவுண்டு வரையிலான சிறு கோரிக்கைகளுக்கு இணையத்திலேயே வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு அவகாசம் இருப்பதால், வேறு இடத்தில் காலூன்றிய பிறகு வழக்குப் போடுவதிலும் தவறில்லை. நிறுவனம் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதே கவலை.

மிரட்டலைப் பொறுத்தவரை, தன் மேடைக்கு யாரை அழைப்பது என்பது அவரவர் விருப்பம். அதைச் சட்டம் தடுக்காது. ஆனால் தம்பியிடம் ஏதேனும் தாளில் கையெழுத்து வாங்கி, வேறெங்கும் ஆடக்கூடாது என்று எழுதியிருந்தால், நியாயமான அளவைத் தாண்டிய தொழில்தடை நீதிமன்றத்தில் நிற்காது.

பதில்: மண்டப வாடகை

பேரேடு சொல்வதையெல்லாம் ஏற்கிறேன். ஆனால் இந்த உரையாடலைப் படிப்பவர், காட்சி நடத்தும் எல்லாரும் திருடர் என்று எண்ணிவிடக் கூடாது. நானும் ஒரு சிறு அமைப்பில் பங்காளியாக இருந்தவன். இருநூறு பேர் 15 பவுண்டு கொடுத்து வந்தால் 3,000 பவுண்டு. அதிலிருந்து மண்டப வாடகை, ரிங்கும் வண்டியும், காப்பீடு, மருத்துவ உதவியாளர், டிக்கெட் தளத்தின் கழிவு எல்லாம் போன பிறகு, ஒரு டஜன் வீரர்களுக்குப் பிரிக்க வேண்டும். இதில் அமெரிக்காவிலிருந்து ஒருவரை வரவழைத்தால் விமானச் சீட்டு, தங்குமிடம், கலைஞர்களுக்கான விசா ஏற்பாடு ஆகியவை சேர்ந்து மொத்த வசூலையும் விழுங்கிவிடும். டோன்காஸ்டரில் 2005இல் தொடங்கிய ஒன் புரோ ரெஸ்லிங், வெளிநாட்டு நட்சத்திரங்களைக் குவித்தே பெயர் பெற்றது. பண நெருக்கடிகளில் தள்ளாடி 2011இல் மூடப்பட்டது. 2022இல் மீண்டும் வந்தபோதும் நெடுநாள் ஓடவில்லை.

உள்ளூர் வீரர்களை நம்பி வளர்ந்தவர்களும் உண்டு. கிளாஸ்கோவின் ஐ.சி.டபிள்யூ அமைப்பு 2016 நவம்பரில் அந்நகரின் ஹைட்ரோ அரங்கில் 6,000க்கும் மேற்பட்டோரைக் கூட்டியது. லண்டனில் சிறு இசை மன்றத்தில் 2012இல் தொடங்கிய புராக்ரெஸ் அமைப்பு, 2018 செப்டம்பரில் வெம்ப்ளி அரினா வரை சென்றது. 2017 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.இ. (பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்தான்) பிளாக்பூலில் பிரிட்டிஷ் வீரர்களுக்கெனப் போட்டி நடத்தி, பலரை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்ட பிறகு, அவர்கள் எந்த மேடையில் ஏறலாம் என்பதை அந்த நிறுவனமே தீர்மானித்தது. ஐந்தாண்டுகளில் அந்தப் பிரிட்டிஷ் கடையையும் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். தம்பிக்கு வந்த குறுஞ்செய்தியைப் படித்துப் பொங்குபவர்கள், அதே விதியை ஒரு பெரிய நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்தபோது அதை முன்னேற்றம் என்று கைதட்டினார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நிச்சயச் சம்பளம் கிடைத்தது என்ற வேறுபாடு இருக்கிறது. அது பெரிய வேறுபாடுதான், மறுக்கவில்லை.

இருந்தாலும் தங்கள் தம்பியின் ஆள் என் கட்சிக்காரர் இல்லை. வசூல் குறைந்தால் நட்டம் ஏற்பாட்டாளருடையது. பத்தொன்பது வயதுப் பையனுடையது அன்று.

பதில்: பழைய சனிக்கிழமை

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை, ஆகவே திரும்பி வந்தேன். 2020 ஜூனில் ‘ஸ்பீக்கிங் அவுட்’ என்ற பெயரில் வீரர்களும் பயிற்சி மாணவர்களும் பாலியல் அத்துமீறல்களைப் பற்றிப் பொதுவெளியில் பேசத் தொடங்கினார்கள். சில அமைப்புகள் அதோடு மூடப்பட்டன. அதன் பின் அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து, 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. மல்யுத்தத்தை விளையாட்டு என்றும் கலை என்றும் எவரும் உரிமை கொண்டாடாததால் அது யாருடைய மேற்பார்வையிலும் இல்லை என்பதே அதன் முக்கியமான கண்டறிதல். தாங்கள் தேடிய வாரியம் கிடைக்காததற்குக் காரணம் அதுதான்.

ஓரளவு பாதுகாப்பு 2022இல் ஒரு சட்டத்தின் வழியே வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குத் தொடர்ந்து விளையாட்டுப் பயிற்சி அளிப்பவர் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவராகக் கருதப்படுகிறார். அவர்களுடன் பாலியல் தொடர்பு வைப்பது குற்றம். காட்சிக்காகச் செய்யப்படும் உடற்பயிற்சியையும் விளையாட்டு என்றே அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஆகவே ‘இது உண்மையான விளையாட்டு இல்லையே’ என்ற சாக்கு எளிதில் செல்லாது. பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டியவை: குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் யார், பயிற்சியாளர்களுக்குக் குற்றப் பின்னணிச் சான்று இருக்கிறதா, உடைமாற்றும் அறை பெரியவர்களுக்குத் தனியாக இருக்கிறதா. எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

தம்பியின் காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். ஏற்பாட்டாளரிடம் உள்ள பொதுப் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் பார்வையாளருக்கானது. ரிங்கில் கழுத்து முறிந்தால் அது வீரனுக்கு உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. கலைஞர்களின் சங்கமான ஈக்விட்டி 2020க்குப் பிறகு மல்யுத்த வீரர்களையும் திரட்டிவருகிறது. உறுப்பினருக்குக் காப்பீடும், பாக்கி வசூலில் உதவியும் கிடைக்கும். பக்கத்து நகரத்துக்காரரிடம் பேசும்போது, தொகை எவ்வளவு என்பதற்கு முன்னால், அது எப்போது, எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேட்கச் சொல்லுங்கள்.